ஒத்தைப் பாம்படம்

கம்பு முட்டுதா தம்பி? காலைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடுங்க. மேல வைக்கச் சொல்லாதீய, வைக்க மாட்டேன். கண்டக்டரும் சொல்லிப் பாத்துட்டாரு. லக்கேஜுக்கு டிக்கெட்டுப் போடணும்னாரு, போடும்ய்யான்னு வாங்கிக்கிட்டேன். என் மடியில இருக்கதுக்கு என்ன லக்கேஜு? சரி, போவுது.

குடை இல்ல. பழைய சேலையைச் சுத்தி வச்சிருக்கதால குடை மாதிரித் தெரியுது. இது மிசின். மெட்டல் டிடெக்டரு. ரயிலடியில போலீஸ்காரன் ஒண்ணை வச்சு நம்ம மேலெல்லாம் தடவுவாம்லா, அதுக்கு அண்ணன்னு வச்சுக்கிடுங்க. கீழ தட்டு மாதிரி வட்டமா இருக்கும். மண்ணுக்கு மேல ஆட்டிக்கிட்டே போனா, உள்ள இரும்போ பித்தளையோ தங்கமோ கிடந்தாக் கத்தும்.

சிரிக்கீயளா? சிரிங்க. என் மவனே சிரிச்சான். "ஊருல உள்ள அம்மையெல்லாம் முட்டுவலிக்குத் தைலம் கேக்கா, எங்கம்மை மிசின் கேக்கா"ன்னான். அவன்கிட்ட நான் எங்க கேட்டேன்? என் கிடா ரெண்டை வித்தேன். போன்ல ஆர்டர் போடத்தான் அவன் கை. பெட்டி வந்த அண்ணைக்குப் பக்கத்து வீட்டுக்காரி வந்து, புல்லு வெட்டுத மிசினாக்கான்னு கேட்டா. ஆமாட்டி, ஒன் வாயில முளைச்சிருக்கதை வெட்டத்தான்னேன். அப்பொறம் வரல.

முத்தையாபுரம் வந்தாச் சொல்லுங்க. அங்க என் நாத்தனா இருக்கா. சித்திரைக்கனின்னு பேரு, எங்க வீட்டுக்காரவியளுக்கு அக்கா. அவ மவன் புது வீடு கட்டுதான். இண்ணைக்கு நிலை வைக்காவ, வாசல் நிலை. அதுக்குத்தான் போறேன். கூப்பிட்டாளான்னு கேளுங்க. கூப்பிடல! என் மவனுக்குப் போன் போட்டு, "எல்லாரும் வந்துருங்கப்பா, ஒங்கம்மைக்குத்தான் முட்டுவலி, அவளை எதுக்கு அலைக்கழிக்க"ன்னு சொல்லியிருக்கா. என் முட்டு மேல அவளுக்கு அம்புட்டு அக்கறை! நிலைக்கு அடியில தங்கம் வைப்பாவள்லா. தங்கம் இருக்க இடத்துக்கு ஆவுடை வரப்படாது. ஏன்னா ஆவுடை திருடி.

ஆமா தம்பி, என்னையத்தான் சொல்லுதேன். ஆவுடை நாந்தான். முப்பது வருசத்துக்கு மேல அந்தப் பட்டம் எனக்கு. பாத்தீயளா, பையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டீய! பரவாயில்ல, வச்சுக்கிடுங்க. முழுசாக் கேட்டுட்டுக் கீழ எறக்கி வைங்க.

நான் வாக்கப்பட்ட ஊரு செங்காட்டுவிளை. கேள்விப்பட்டிருக்க மாட்டீய. தேரிக்காட்டுக்கு நடுவுல. செக்கச்செவேல்னு மண்ணு, சுத்தியும் பனை. இப்ப அங்க ஆளு கிடையாது. கிணத்துத் தண்ணி உப்பாச்சு, காத்துல தேரி மண்ணு நகந்து நகந்து தெருவுக்குள்ள வந்துச்சு, ஒவ்வொரு வீடாக் கிளம்பிப் போச்சு. கடைசியில நாங்களும் மெயின்ரோட்டுப் பக்கம் வந்துட்டோம். நான் மட்டும் ஆடு பத்திக்கிட்டு அங்க போவேன், வருவேன். சுவரு நிக்கும், கூரை நிக்காது. சில வீட்டுல ஜன்னல் மட்டம் மண்ணு.

அங்க இருந்த காலத்துல நடந்த கதை இது. என் மாமியா பேரு மாடத்தி. காது ரெண்டும் தோளைத் தொடும். அதுல பாம்படம் போட்டிருப்பா. ஒங்க வயசுக்குப் பாத்திருக்க மாட்டீய. தங்கத் தகட்டுல குண்டும் கட்டமுமாச் செஞ்சு, உள்ள அரக்கு வச்சு அடைச்ச நகை. நடந்தா ஆடும். ஒரு நாள் வலது காதுல புண்ணுன்னு அந்த ஒத்தையைக் கழத்தி வெத்தலைப் பெட்டியில போட்டா. மறுநா பெட்டியில வெத்தலை இருக்கு, பாக்கு இருக்கு, பாம்படத்தைக் காணும். வீட்டுல யாரு யாரு? மாமியா, அவ மவன், நான். நாலு வீடு தள்ளி வாக்கப்பட்ட சித்திரைக்கனி நித்தம் வந்து போவா. இதுல யாரு எடுத்திருப்பா? பெத்த பிள்ளையளா எடுக்கும்? வெளியூருக்காரிதான் எடுத்திருப்பா!

என் டிரங்குப் பொட்டியைக் கவுத்தா. அரிசிப் பானையில கையை விட்டுத் துழாவுனா. சித்திரைக்கனி என் கொண்டையை அவுத்துப் பாத்தா தம்பி. தெருவுல வச்சு. அய்யனார் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி சத்தியம் கேட்டாவ. எரியுத கற்பூரத்தை உள்ளங்கையால அணைச்சேன். இன்னா பாருங்க, தழும்பு. அதுக்கும் என் மாமியா என்ன சொன்னா? சத்தியத்துக்கே பயப்படாதவ எதுக்குப் பயப்படுவான்னுட்டா. பயந்தாத் திருடி, பயப்படாட்டாலும் திருடி. நான் என்னதான் செய்யணும்?

அதோட விட்டாளா! சாகுத வரைக்கும் ஒத்தைப் பாம்படத்தோடயே அலைஞ்சா. புண்ணு ஆறிச்சு, காது ஆறிச்சு, வேற ஒண்ணு செஞ்சு போடவும் இல்ல, இருந்ததைக் கழத்தி வைக்கவும் இல்ல. கலியாண வீடு, சடங்கு வீடு, சாவு வீடு, எங்க போனாலும் ஒரு காது ஆடும், ஒரு காது வெறுசாத் தொங்கும். யாராவது கேக்கணும்லா! கேட்டா, "எங்க வீட்டுக்கு வந்த லெச்சுமி கழத்திட்டா"ம்பா. பக்கத்துல நான் பந்தியில எலை போட்டுக்கிட்டு இருப்பேன்.

நான் வாயில்லாதவ இல்ல. பதிலுக்குப் பதில் குடுத்துருவேன். ஆனா எத்தனை பேருக்குக் குடுப்பீய?

அவிய மட்டும்தான் என்னைக் கேக்கல. எங்க வீட்டுக்காரவியளைச் சொல்லுதேன், சுயம்புக் கொத்தனாரு. ஊரே கேட்டுச்சு, எங்க அப்பனே ஊருல இருந்து வந்து, எடுத்திருந்தாக் குடுத்துரு மவளேன்னு அழுதாரு. அவிய ஒரு நா, ஒரு பொழுது, "நீ எடுத்தியா"ன்னு கேட்டது கிடையாது. கோவத்துலகூடக் கேக்கல. அந்த மனசு யாருக்கு வரும்? நான் சத்தியம் பண்ணுன அண்ணைக்குக் கோயிலுக்கே வரல அவிய. பொண்டாட்டி அவமானப்படுததைக் கண்ணால பாக்க முடியாம வேலைக்குப் போயிட்டாவ. வடிவுன்னு ஒருத்தி, அவ வீட்டு வேலை அப்ப நடந்துக்கிட்டு இருந்துச்சு. சாயங்காலம் அவிய வந்து என் கையில விளக்கெண்ணெய் போட்டுவிட்டாவ. வாயைத் தொறக்கல. கண்ணு கலங்கிப் போச்சு அவியளுக்கு. அந்த ஒரு நாளை வச்சுத்தான் தம்பி நான் காலத்தை ஓட்டுனேன். யாரு என்ன சொன்னா என்ன, தாலி கட்டுனவிய நம்புனாவள்லா?

அவிய போயும் ஆறேழு வருசம் ஆவுது. சித்திரைக்கனி அவ தம்பி படத்தைப் பெருசாப் போட்டு மாலை மாட்டியிருக்கா. "என் தம்பி தங்கம், அவனுக்கு வாய்ச்சதுதான் சரியில்ல"ம்பா. நிலை வைக்க இடத்துக்கு இண்ணைக்கு அந்தப் படத்தையும் கொண்டு வாராளாம். தம்பி கொத்தனாருல்லா, அவன் ஆசீர்வாதத்துல நிலை நிக்கணுமாம்.

ஆத்தூர்ப் பாலம் வந்துட்டா? தண்ணி கிடக்கு பாருங்க. நல்லது.

மிசின் கதைக்கு வாரேன். போன பங்குனியில நான் ஆடு மேய்ச்சுக்கிட்டு இருக்கையில ஒரு கார் வந்து எங்க ஊருக்குள்ள நின்னுச்சு. நாலஞ்சு பயலுவ. பேய் ஊருன்னு வீடியோ எடுக்க வந்தானுவளாம். பேய் ஊரா? அப்பம் நாங்கெல்லாம் யாருல, பேயான்னு கேட்டேன். "ஆண்டி, ஆண்டி, சும்மா ஒரு டைட்டில்தான்"ங்கான். அவன் கையிலதான் முதல்ல இந்த மிசினைப் பாத்தேன். ஆட்டிக்கிட்டே போறான், ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் கத்துது. ஒருத்தன் கடப்பாரையை எடுத்து நிலையை நெம்பப் போனான். வந்துச்சு பாருங்க எனக்கு! ஆடு பத்துத கம்பை எடுத்துக்கிட்டு ஓடுனேன். நிலையில கை வச்சா மண்டையைப் பொளந்துருவேன்னேன்.

ஏன்னா, அதுல எங்க ஊரு முறை ஒண்ணு இருக்கு. நிலை வைக்கையில கீழ குழி வெட்டி, பொன்னு, வெள்ளி, செம்பு, நவதானியம், எல்லாத்தையும் மஞ்சத்துணியில முடிஞ்சு கொத்தனாரு கையில குடுக்கணும். அவருதான் முடிச்சை அவுத்துப் பாக்கணும். எல்லாம் சரியா இருந்தா மறுபடி முடிஞ்சு குழியில வச்சுச் சாந்து போட்டு மூடணும். கொத்தனாரைத் தவுத்து வேற யாரும் குழிக்குள்ள கை விடக்கூடாது, வீட்டுக்காரிகூட. ஒரு பொட்டாவது பொன்னு வேணும். பொன்னு இல்லாம நிலை வச்சா வீடு வெளங்காதும்பாவ. ஆளு போனாலும் அது அந்த வீட்டோட சொத்து. எடுக்கப்படாது.

அந்தப் பயலுவ பயந்து கிளம்பையில, கார் கதவைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டேன். ஏல, பாம்படம் ஒண்ணு மண்ணுல விழுந்து கிடந்தா, அதுக்கும் இது கத்துமான்னேன். "தங்கம்னா நல்லாவே கத்தும் ஆண்டி"ன்னான். அண்ணைக்கு ராத்திரி எனக்கு உறக்கம் வரல. மறுநாளே கிடாவுக்கு ஆளு சொல்லிட்டேன்.

என் கணக்கு என்ன? எலிதான் இழுத்துட்டுப் போயிருக்கும். வெத்தலைப் பெட்டியில எலி வந்து போறது எனக்குத் தெரியும். வீட்டுக்குள்ளயோ கொல்லையிலயோ எங்கயாவது வளையில கிடக்கும். எடுத்துட்டா என் பேரு வெள்ளை.

முதல்ல இது என்னைப் பாடாப் படுத்திச்சு. எங்க தேரி மண்ணுலயே இரும்பு கலந்திருக்கு, இது சும்மாவே காட்டுக் கத்தல் கத்தும். ஒரு திருகு இருக்கு, அதைத் திருகித் திருகி மண்ணுக்குப் பழக்கணும். ஒரு வாரம் ஆச்சு, எனக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தை முடிய. அப்பொறம் கிடைச்சதெல்லாம் சொன்னாச் சிரிப்பீய. மாட்டு லாடம், கலர் பாட்டில் மூடி, பாளை அரிவாள், சைக்கிள் பெல் மூடி. அந்தப் பெல் மூடி யாருதுன்னு எனக்குத் தெரியும், தபால்காரரு ராயப்பன் தொலைச்சது. தேடிப் போயிக் குடுத்துட்டு வந்தேன். படுக்கையில கிடக்காரு. வாங்கி நெஞ்சுல வச்சுக்கிட்டாரு. இதெல்லாம் திருடி செய்யுத வேலையா? சொல்லுங்க!

எங்க வீட்டுல ஒரு இடம் பாக்கியில்ல. எலி வளை, அடுக்களை, மாட்டுக்கொட்டில். ஒண்ணும் இல்ல. அக்கம்பக்கத்து வீடெல்லாம் பாத்தேன். நிலையில மட்டும் கை வைக்கல. அங்க கத்தும், கத்தட்டும்னு தாண்டிப் போயிருவேன். எல்லா வீட்டு நிலையிலயும் ஒரே சத்தம்தான், கோழிக்குஞ்சு மாதிரி கீச்சு கீச்சுன்னு. பின்ன, ஊசி மொனை அளவு பொன்னுக்கு என்ன கத்தும்?

வடிவு வீட்டு நிலையில கத்துச்சு பாருங்க ஒரு கத்து! தட்டைத் தூக்கிட்டு மறுபடி வச்சேன், மறுபடியும் அதே கத்து.

வடிவைப் பத்திச் சொல்லணும். அவ புருசன் பம்பாய்க்குப் போனவன், எப்பவாவது பணம் அனுப்புவான். அதுல ஒத்தை அறை வீடு ஒண்ணு கட்டுனா. காதுல, கழுத்துல ஒரு குந்துமணிப் பொன்னு கிடையாது. இவ நிலைக்கு அடியில என்னத்தை வைக்கப் போறான்னு ஊரே பேசிச்சு. நித்தம் எங்க வீட்டுக்கு மோரு வாங்க வருவா. அடுக்களை வாசல்ல வந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிப்பா. அவிய வேற, பாவம், "வடிவுக்கு ஒரு செம்பு சேத்து ஊத்து"ம்பாவ. எரக்கப்பட்ட மனுசன். அவ வீட்டு வேலைக்குக் கூலியே சரியா வாங்கல. வீடு முடிஞ்சு ரெண்டு வருசத்துல அவ புருசன் வந்து பம்பாய்க்குக் கூட்டிட்டுப் போயிட்டான். வீடு பூட்டியே கிடந்துச்சு. சாயங்காலமானா அவிய அந்தப் பூட்டுன வீட்டு வாசப்படியில போயி உக்காந்திருப்பாவ. அங்கதான் காத்து நல்லா வருமாம். நான் காப்பித்தண்ணியை அங்க கொண்டு போயிக் குடுப்பேன். ஊரு காலியாகையிலயும் அவிய கிளம்ப மனசில்லாம நின்னாவ. அம்புட்டுப் பிரியம் ஊரு மேல.

சரி, அந்த நிலையில கத்துச்சு. மூணு நாளு யோசிச்சேன். முறையாச்சே, கை வைக்கலாமான்னு. அப்பொறம் அய்யனாரைக் கும்பிட்டுட்டு, ஒனக்கு முன்னால கையைச் சுட்டுக்கிட்டவ நான், மிச்சக் கணக்கை நீ பாத்துக்கோன்னு சொல்லிட்டுக் கடப்பாரையைப் போட்டேன். நிலை செல்லரிச்சுக் கிடந்துச்சு, சாந்து மட்டும் கல்லு. அவிய குழைச்ச சாந்துன்னா அப்படித்தான். மத்தியானம் ஆச்சு உடைக்க. உள்ள மக்குன துணி, ஒரு செப்புக்காசு, அது கூட ஒரு மண்ணாங்கட்டி. எச்சியைத் தொட்டுத் தேய்ச்சேன். மஞ்சளா மின்னிச்சு.

இன்னா. தூக்குச்சட்டிக்குள்ள வச்சிருக்கேன், பாருங்க. பாருங்கய்யா, ஒங்களைத் திருடன்னு யாரும் சொல்ல மாட்டாவ. அரக்கு நொறுங்கிப் போச்சு, தகடு அப்படியே இருக்கு. இந்தக் குண்டுல நசுங்கியிருக்குல்லா? மாவு இடிக்கையில உலக்கை பட்டு நசுங்குனது. எங்க ஊருக் கிழவியளுக்கெல்லாம் அது தெரியும். ஜோடி சித்திரைக்கனிகிட்ட இருக்கு, பக்கத்துல வச்சா ஒரு குருடனும் சொல்லிருவான். அந்த இடத்துலயே உக்காந்து நான் போட்ட சத்தத்துல ஆடெல்லாம் செதறி ஓடிச்சு தம்பி. நான் திருடி இல்ல, நான் திருடி இல்லன்னு கத்துனேன். கேக்க ஒரு நாதி கிடையாது. பனைதான் நிக்கு.

பாத்தீயளா இந்த வடிவை! ஊமை மாதிரி நின்னுக்கிட்டு என்ன வேலை பாத்திருக்கா! ஒரு பொட்டுப் பொன்னு இல்லாதவ, எங்க மாமியா பாம்படத்தையே தூக்கி நிலைக்கு அடியில வச்சிருக்கா. நான் ஊத்துன மோரைக் குடிச்சுட்டு! நான் கற்பூரம் அணைச்சது எப்ப, அவ நிலை வச்சது எப்ப? மறுநா! மறுநாளே வச்சிருக்கா. இண்ணைக்கு எல்லாரு முன்னாலயும் சொல்லப்போறேன். சித்திரைக்கனி நம்ப மாட்டேன்னா இந்த மிசினை அவ வீட்டுலயே ஆட்டிக் காட்டுவேன். அதுக்குத்தான் தூக்கிட்டு வாரேன்.

என்ன தம்பி? சொல்லுங்க. என்னமோ கேக்க வாரீய.

யாரா? வடிவு வீட்டுக்கு நிலை வச்ச கொத்தனாரு யாருன்னு கேக்கீயளா? யாரு வைப்பா, எங்க ஊருக்கே கொத்தனாரு அவிய ஒருத்தருதான. அவியதான்...

அந்த ஜன்னலைக் கொஞ்சம் எறக்குங்க. காத்து மூஞ்சில அடிக்கி.

முடிச்சை அவுத்துப் பாத்துட்டுத்தான் வைக்கணும். நாந்தான சொன்னேன். கொத்தனாரு தவுத்து வேற யாரும் கை விடக்கூடாதுன்னு நானேதான் சொன்னேன். அப்பம் பாத்திருப்பாவள்லா? பெத்த அம்மை காதுல தொங்குனதை, கைப்பிள்ளையில பிடிச்சு விளையாண்டதை, அடையாளம் தெரியாமலா இருக்கும்?

எரக்கப்பட்ட மனுசன்னேன். காத்து நல்லா வரும்னு உக்காந்திருந்தாவன்னேன். காப்பி கொண்டு போயிக் குடுத்தேன் தம்பி நான், அந்த வாசப்படிக்கு.

ஒரு தடவகூட என்னைக் கேக்கலைய்யா. ஊரே கேட்டுச்சு, அவிய மட்டும் கேக்கல. நம்பித்தான் கேக்கலன்னு நெனச்சேன். தெரிஞ்ச மனுசன் எதுக்குக் கேக்கப் போறாரு?

இல்ல, அழல. நான் எதுக்கு அழணும்? நான் என்ன தப்புப் பண்ணேன்?

என்ன சொல்லுதீய? எங்கயோ மண்ணுல கிடந்துச்சுன்னு மட்டும் சொல்லிரவா? செத்தவியளை எதுக்கு இழுக்கணும்கீய. நல்ல வீட்டுப் பிள்ளை நீங்க, நல்லதுக்குத்தான் சொல்லுதீய. நானும் இப்பம் ஒரு நிமிசம் அப்படித்தான் நெனச்சேன். ஆனா கேளுங்க. தெருவுல வச்சு என் கொண்டையை அவுக்கையில அந்த மனுசன் வடிவு வீட்டுல சாந்து குழைச்சுக்கிட்டு இருந்தாரு. நான் கையைச் சுட்டுக்கிட்டு வந்தா, எண்ணெய் போட்டுவிட்டாரு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவ எடுக்கல அம்மான்னு சொல்லியிருந்தாப் போதும். நான் எடுத்தேன்னுகூடச் சொல்ல வேண்டாம். ஆத்தாக்காரி ஒத்தைக் காதை ஆட்டிக்கிட்டு ஊர் ஊராப் போனா, பாத்துக்கிட்டுத்தான இருந்தாரு? அவரு பேரைக் காப்பாத்த நான் இனி எந்தக் கற்பூரத்தை அணைக்கணும்? மாட்டேன். மாட்டவே மாட்டேன்.

அன்னா, முத்தையாபுரம். கண்டக்டரே, நிப்பாட்டும், ஆளு எறங்கணும்!

போறேன் தம்பி. திரும்பிப் போவேன்னு நெனச்சீயளா? நல்ல நேரம் முடியலல்லா, எல்லாரும் அங்கதான் நிப்பாவ. படத்துக்கு முன்னால, அத்தனை பேரு பாக்கத் தாம்பாளத்துல இதை வைப்பேன். மைனி, ஜோடியைக் கொண்டா, சேத்து வச்சுப் பாரும்பேன். எங்கட்டி கிடைச்சுதும்பா. வடிவு வீட்டு நிலைக்கு அடியிலம்பேன். அம்புட்டுத்தான். வடிவைத் திட்ட மாட்டேன், அவியளைச் சொல்ல மாட்டேன், அதுக்கு மேல ஒத்தை வார்த்தை பேச மாட்டேன். அண்ணைக்கு வடிவு வீட்டு நிலைக்கு மாவிலை கட்டுனதே சித்திரைக்கனிதான். மஞ்சமுடிச்சைத் தாம்பாளத்துல ஏந்தி அவ தம்பி கையில குடுத்தவளும் அவதான். குழிக்குள்ள யாரு கை போச்சுன்னு என்கிட்ட கேக்க மாட்டா. தெரிஞ்சவ எதுக்குக் கேப்பா?

அந்தக் கம்பை இப்படிக் குடுங்க. தள்ளுங்கய்யா, எறங்குதேன்.